தேர் ஓடாது, டப்பா பறக்கும்

டப்பா காற்றில் இருக்கிறது.

மணி எட்டேகால். இரண்டாவது மாடி பால்கனியில் நான், நைட்டிக்கு மேல் துண்டு போட்டுக்கொண்டு நிற்கிறேன். கீழே தெருவில் கலைச்செல்வி, பாதி ஜடையும் வாயில் ஹேர்பின்னுமாக ஓடுகிறாள். முனையில் பஸ் நகர ஆரம்பித்துவிட்டது. அவள் நிற்கவும் மாட்டாள், நிமிர்ந்து பார்க்கவும் மாட்டாள். இப்போது அவள் இருக்கிற இடத்துக்கு எறிந்தால் டப்பா அவள் முதுகுக்குப் பின்னால் விழும். இன்னும் நாலு எட்டு தள்ளி எங்கே இருப்பாளோ அங்கே எறிய வேண்டும்.

எறிந்துவிட்டேன். அவள் கை மட்டும் தானாக மேலே போகிறது. துணிப்பையோடு டப்பா கக்கத்துக்குள் போகிறது. கலை பஸ்ஸுக்குள் போகிறாள்.

மூன்று வருஷம் தினமும் இதே கூத்துதான். கலையின் அம்மாவுக்குப் புதுச்சேரி வைத்திக்குப்பத்தில் மீன் வியாபாரம். விடிவதற்கு முன்பே படகு வருகிற இடத்துக்குப் போய்விடுவார்கள், வீட்டில் காலைச் சமையல் கிடையாது. "ஒருத்திக்குக் கட்டுற சாப்பாட்டை ரெண்டு பேருக்குக் கட்டினா என் கை தேஞ்சா போயிடும்?" என்று என் அம்மா தினமும் இரண்டு டப்பா கட்டுவார். வெள்ளிக்கிழமை தவறாமல் அவர்கள் வீட்டிலிருந்து வஞ்சிரமோ சங்கராவோ வந்துவிடும். நான் பி.ஏ. பிரெஞ்சு, எனக்குப் பத்து மணிக்கு காலேஜ். அவள் பி.காம்., எட்டே முக்காலுக்கே முதல் பீரியட். மாடி ஏறி வாங்கிக்கொண்டு போடி என்றால், "அதுக்குள்ள பஸ் போயிடும்" என்பாள். சரி, பறக்கட்டும் என்று ஆரம்பித்த பழக்கம்.

கீழ்வீட்டில் எங்கள் வீட்டுச் சொந்தக்காரர் இருந்தார். எல்லோருக்கும் அவர் முஸ்யே, பிரெஞ்சில் ஐயா; பெண்கள் எல்லாம் அவருக்கு மத்மசெல். பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து பென்ஷன் வாங்குகிறவர். வாசலில் நாற்காலி போட்டுப் பேப்பர் படிப்பார். ஒரு தடவை என் குறி தப்பித் தயிர்சாதம் அவர் பேப்பர் மேல் விழுந்தது. அன்றிலிருந்து ஹெல்மெட் போட்டுக்கொண்டுதான் பேப்பர் படிப்பார். சிரிக்காதீர்கள், நிஜமாகவே. கலை தெருவில் திரும்பியதும், "அத்தான்சியோன்!" என்று பிரெஞ்சில் ஜாக்கிரதை சொல்லி ஒரு குரல் கொடுப்பார். தெருவில் போகிறவர்கள் சுவரோரம் ஒதுங்குவார்கள்.

நானும் கலையும் ஒரே காலேஜ், ஒரே பாஸ்கெட்பால் டீம். இந்த டப்பாவுக்கும் பாஸ்கெட்பாலுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். போன மாதம் ஒரு காலேஜின் புது பி.டி. மிஸ் எனக்குப் போன் செய்து, "மேடம், எங்க பொண்ணுங்களுக்கு மெதுவா ஆடித்தான் பழக்கம். திடீர்னு வேகமா ஆட வச்சா வருமா?" என்று கேட்டார். நான் இப்போது ஸ்கூலில் பிரெஞ்சு வாத்தியாரம்மா. என்னிடம் போய் இதைக் கேட்கிறாரே என்று நினைத்தேன். ஆனால் பதில் என்னிடம்தான் இருக்கிறது. கேளுங்கள்.

தேர் என்கிற நான்

காலேஜ் டீமில் என் பெயர் ஜெசிந்தா இல்லை, தேர். ஆறடிக்கு இரண்டு விரல்கடை குறைவு. ஆகஸ்ட் மாதம் மாதா கோயில் தேர்பவனி பார்த்திருக்கிறீர்கள் அல்லவா? ஊரே வழிவிட, ஆடி அசைந்து, மூலைக்கு மூலை நின்று வரும். நான் கோர்ட்டின் ஒரு முனையிலிருந்து மறு முனைக்குப் போவதைப் பார்த்து யாரோ வைத்த பெயர். யாரோ என்ன, கலைதான்.

எங்கள் பழைய கோச் சாருக்கு என்னை ரொம்பப் பிடிக்கும். அவருடைய ஆட்டமே என்னை வைத்துத்தான். "அவசரமே வேணாம்மா. தேர் போய்ச் சேரட்டும், அப்புறம் பந்தை மேல போடு." நான் ரிங்குக்குக் கீழே போய் நிற்கிற வரைக்கும் மற்ற நாலு பேரும் பந்தைத் தங்களுக்குள் பந்தி பரிமாறிக்கொண்டு இருப்பார்கள். பிறகு உயரமாக ஒரு பந்து வரும், நான் வாங்கி மெதுவாக உள்ளே வைப்பேன்.

புதுச்சேரியில் மதியம் ஒரு மணிக்குக் கடையை இழுத்துச் சாத்தினால் நாலு மணிக்குத்தானே திறப்பார்கள். எங்கள் டீம் நாள் பூராவும் ஒன்றிலிருந்து நாலு வரைக்குமான ஆட்டம் ஆடிற்று. சிலதில் ஜெயிப்போம், பலதில் தோற்போம். பார்க்க வந்தவர்கள் கொட்டாவி விடுவார்கள். எனக்கோ ஒரு குறையும் இல்லை. டீமே எனக்காகக் காத்திருக்கிறது, வேறென்ன வேண்டும்?

விமலா மிஸ் வந்தார்

மூன்றாம் வருஷம் சார் ஓய்வு பெற்றுப் போனார், விமலா மிஸ் வந்தார். என் தோள் உயரம்கூட இல்லை. இட்லியை நின்றுகொண்டே சாப்பிடுவார். ஸ்கூட்டியில் உட்காருவதற்கு முன்பே ஸ்கூட்டி கிளம்பிவிடுமோ என்று பயமாக இருக்கும். கழுத்தில் ஒரு ஸ்டாப் வாட்ச்.

முதல் நாள் எங்கள் பிராக்டிஸைக் கால் மணி நேரம் பார்த்தார். பிறகு விசில் ஊதினார்.

"யாருக்காவது உடம்பு சரியில்லையா?"

"இல்ல மிஸ்."

"அப்புறம் ஏன் எல்லாரும் நடக்கறீங்க?"

பதிலுக்குக் காத்திராமல் ஸ்டாப் வாட்சைத் தூக்கிக் காட்டினார்.

"இன்னையிலிருந்து ஒரே கணக்கு. பந்து நம்ம கைக்கு வந்த ஏழாவது செகண்ட்ல ரிங்கைப் பாத்துப் போயிருக்கணும். ஏழு!"

பாத்திமா என்று ஒருத்தி, எங்கள் டீமின் வாயாடி. "ஏழு செகண்ட்ல தேர் பாதி தூரம்கூடப் போயிருக்காதே மிஸ்" என்றாள். எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தோம். நானும்தான். மிஸ் மட்டும் சிரிக்கவில்லை. என்னை மேலிருந்து கீழ்வரை பார்த்தார், பார்க்கவே கொஞ்ச நேரம் ஆயிற்று.

"புது ஜெர்ஸி பத்துதான் வரும். ஒம்போது பேர் முடிவாயிட்டுது. பத்தாவது யாருன்னு மூணு வாரம் கழிச்சுச் சொல்றேன். வேகத்துக்கு ஒத்து வர்றவங்களுக்குத்தான்."

டீமில் இருந்ததே பத்துப் பேர்தான். என் இடத்துக்கு மட்டும்தான் போட்டி என்று சொல்லாமல் சொல்லிவிட்டார். மறுநாளே ஓட்டப் பந்தய டீமிலிருந்து ஒரு பெண்ணைக் கூட்டி வந்தார். சிட்டாய்ப் பறந்தாள். ஒரே ஒரு கஷ்டம், பந்து தன் பக்கம் வந்தால் கண்ணை இறுக்கி மூடிக்கொள்வாள்.

எனக்கு அது கடைசி வருஷம். ஜெர்ஸி கிடைக்காவிட்டால் அவ்வளவுதான். கோயிலில் நின்றால் பின்னால் இருப்பவர்களுக்கு மறைக்கிறேன், பஸ்ஸில் நின்றால் தலை இடிக்கிறது. கல்யாண வீட்டு போட்டோவில் என்னை உட்காரச் சொல்வார்கள். என் உயரத்துக்கு மரியாதை இருந்த ஒரே இடம் அந்தக் கோர்ட்தான். அதையும் பிடுங்கினால் நான் எங்கே போய் நிற்பேன்?

ஒரு கெட்ட மெழுகுவர்த்தி

இப்போது ஒரு பாவசங்கீர்த்தனம், செய்த பாவத்தை ஒப்புக்கொள்கிறேன். சாமியாரிடம்கூடச் சொன்னதில்லை.

பஸ் ஸ்டாப் பக்கத்தில், குகை மாதிரிக் கட்டிய ஒரு சின்ன மாதா கெபி உண்டு. அதில் போய் மெழுகுவர்த்தி ஏற்றினேன். முழங்கால் போட்டு, மனசார, "அம்மா தாயே, இந்த வேக ஆட்டம் உருப்படக் கூடாது" என்று வேண்டிக்கொண்டேன். என் டீம் தோற்க வேண்டும் என்று நானே வேண்டியிருக்கிறேன். எனக்கு நரகத்தில் நல்ல உயரமான இடமாக ஒதுக்கியிருப்பார்கள்.

மாதாவும் கேட்டுவிட்டார்கள். அடுத்த சனிக்கிழமை பக்கத்து காலேஜோடு ஒரு ஃப்ரெண்ட்லி மேட்ச். அடடா, எங்கள் பெண்கள் ஓடினார்கள் பாருங்கள்! பந்தோடு ஓடினார்கள், பந்தை விட்டுவிட்டும் ஓடினார்கள். எங்கள் ரிங்கில் பட்டுத் திரும்புகிற பந்தை எடுக்க அங்கே ஒரு ஈ காக்கை இல்லை, ஐந்து பேரும் ஏற்கெனவே அந்தப் பக்கம் போயாயிற்று. பாத்திமா ஒரு பந்தை நேராக நடுவர் வயிற்றில் கொடுத்தாள். ஓட்டக்காரப் பெண் இரண்டு முறை கண்ணை மூடினாள். தோல்வி என்றால் அப்படி ஒரு தோல்வி.

நான் வெளியே பெஞ்சில் உட்கார்ந்து உள்ளுக்குள் கும்மி அடித்துக்கொண்டிருந்தேன். ஆட்டம் முடிந்து கலை வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். முழங்காலில் சிராய்ப்பு. துண்டில் முகத்தைப் புதைத்துக்கொண்டு தேம்பித் தேம்பி அழுதாள். அவள் அழுது நான் பார்த்ததே இல்லை. என் கும்மி அப்படியே நின்றுவிட்டது. ச்சீ, நான் எல்லாம் ஒரு பொம்பளையா என்று இருந்தது.

பஸ்ஸுக்கு மிஸ்

திங்கட்கிழமை மிஸ் என்னை மட்டும் தனியாகக் கூப்பிட்டார்.

"ஜெசி, ஓட்டம் சரியாத்தான் இருக்கு. பந்தை எடுக்கத்தான் ஆளில்ல. நீ நம்ம ரிங்குக்குக் கீழ நில்லு. திரும்பி வர்ற பந்தை எடு, முன்னாடி இருக்கறவளுக்குக் குடு. அவ்ளோதான். ஓடாதே. புரியுதா? தயவுசெஞ்சு ஓடாதே."

என் வாழ்க்கையில் யாரும் என்னிடம் இவ்வளவு அன்பாக எதையும் கேட்டதில்லை.

பிராக்டிஸ் ஆரம்பித்தது. பாத்திமா எறிந்தாள், பந்து ரிங்கில் பட்டுத் திரும்பிற்று, நான் எம்பி எடுத்தேன். நிமிர்ந்தால் கலை நடுக்கோட்டைத் தாண்டி ஓடிக்கொண்டிருக்கிறாள். திரும்பியே பார்க்கவில்லை. அதே பாதி ஜடை, அதே ஓட்டம். பஸ் முனையில் நகர்கிற மாதிரியே எனக்குத் தோன்றிற்று. நான் யோசிக்கவே இல்லை, கை தானாக எறிந்துவிட்டது. நாலு எட்டு தள்ளி.

பந்து மொத்த கோர்ட்டையும் தாண்டிப் போயிற்று. கலையின் கை மட்டும் மேலே போயிற்று. பந்து கையில் வந்து உட்கார்ந்தது.

ஆகா என்று நினைப்பதற்குள் பந்து கக்கத்துக்குள் போய்விட்டது! கக்கத்தில் இடுக்கிக்கொண்டு அவள் ஓடினாள். ரிங்குக்குக் கீழே ஓடினாள், கோட்டைத் தாண்டி ஓடினாள், கேட்டைத் தாண்டி சைக்கிள் ஸ்டாண்டு வரைக்கும் ஓடினாள்.

மிஸ் வாயிலிருந்து விசில் கீழே விழுந்தது. "ஏய்! எங்கடி போறே?"

"பஸ்ஸுக்கு மிஸ்!" என்றாள் கலை.

சொன்ன பிறகுதான் அவளுக்கே உறைத்தது. பந்தைக் கக்கத்திலிருந்து எடுத்துப் பார்த்தாள். பாத்திமா தரையில் உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டாள். எனக்குச் சிரித்துச் சிரித்து விக்கல் வந்துவிட்டது. மிஸ்ஸுக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனால் ஸ்டாப் வாட்சைப் பார்த்தவர் இன்னொரு தடவை பார்த்தார்.

"நாலு செகண்ட்" என்றார். அன்றுதான் அவர் பல்லை முதன்முதலாகப் பார்த்தோம். "மறுபடி பண்ணுங்க."

மறுபடி பண்ணினோம். மறுபடி கக்கம். இன்னொரு தடவை, இன்னொரு கக்கம். மூன்று வருஷப் பழக்கம் லேசில் விடுமா? என் கையிலிருந்து எது பறந்து வந்தாலும் அவளுக்கு அது எலுமிச்சை சாதம்தான். பந்தைத் தட்டாமல் ஓடினால் தப்பாட்டம், விசில் அடித்துப் பந்தை எதிராளிக்குக் கொடுத்துவிடுவார்கள். "தட்டுடி, தட்டுடி" என்று மிஸ் தொண்டை வறளக் கத்தினார். இரண்டு நாள் போயிற்று. பத்துக்கு ஏழு கக்கம்.

சாம்பார்!

மூன்றாம் நாள் காலை அம்மா சாம்பார் சாதம் கட்டியிருந்தார்.

சாம்பார் நாளுக்கு எங்களுக்குள் ஒரு தனிச் சட்டம் உண்டு. முதல் வருஷம் ஒரு தடவை மூடி சரியில்லாத டப்பாவைக் கலை கக்கத்தில் இடுக்கி, சுடிதார் ஒரு பக்கம் முழுக்க மஞ்சளாகி, பஸ்ஸே பெருங்காய வாசனை அடித்தது. அன்று முழுக்க அவள் பக்கத்தில் யாரும் உட்காரவில்லை. அதிலிருந்து குழம்பு வகையறா எதுவானாலும் எறியும்போதே "சாம்பார்!" என்று கத்திவிடுவேன். உடனே இரண்டு கையாலும் பிடித்து, நெஞ்சுக்கு நேரே அலுங்காமல் நிறுத்திவிடுவாள்.

அன்று காலையும் கத்தினேன். அவளும் அப்படியே பிடித்தாள். நான் பால்கனியிலேயே நின்றுவிட்டேன். துண்டு கீழே விழுந்தது தெரியவில்லை. "அம்மா! அம்மா!" என்று கத்திக்கொண்டு உள்ளே ஓடினேன். ஆமாம், நான் ஓடினேன். அம்மா யாருக்கோ என்னமோ ஆகிவிட்டது என்று பயந்துபோனார்.

சாயங்காலம் கோர்ட்டில் பந்தை எடுத்தேன். எறிந்தேன். அடிவயிற்றிலிருந்து கத்தினேன்.

"சாம்பார்!"

இரண்டு கை. நெஞ்சுக்கு நேரே. அலுங்காமல் நின்ற பந்தை ஒரு தட்டுத் தட்டி, இரண்டு எட்டு வைத்து, ரிங்குக்குள் போட்டாள். மறுபடி எறிந்தேன், மறுபடி சாம்பார், மறுபடி உள்ளே. மிஸ் என்னையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார். "எனக்குக் காரணம் சொல்ல வேணாம்" என்றார். "என்ன வேணா கத்துங்க. ரசம்னுகூடக் கத்துங்க."

வெள்ளிக்கிழமை நோட்டீஸ் போர்டில் பத்தாவது பெயர், ஜெசிந்தா. ஓட்டக்காரப் பெண்தான் முதலில் வந்து என்னைக் கட்டிக்கொண்டாள். "அப்பாடா, பொழச்சேன்க்கா" என்று தன் டிராக்குக்கே திரும்பிப் போனாள். ஜெர்ஸி எனக்கு இடுப்புக்கு மேலேயே நின்றது. அம்மா கீழே ஒரு சாண் துணி ஒட்டுப் போட்டுக் கொடுத்தார்.

உப்பளத்தில் ஒரு சாயங்காலம்

அந்த வருஷம் காலேஜ்களுக்கு இடையிலான கோப்பைப் போட்டியில் ஃபைனல் வரை வந்துவிட்டோம், உப்பளம் ஸ்டேடியத்தில். எதிரே கடலூர்ப் பெண்கள், மூன்று வருஷமாகக் கோப்பையை வீட்டில் வைத்துக்கொண்டிருந்தவர்கள். முஸ்யே மொபெட்டில் வந்திருந்தார். வண்டியை நிறுத்திவிட்டு வந்தும் ஹெல்மெட்டைக் கழற்றவில்லை, பழக்கதோஷம்.

முதல் பாதியில் ஏழு சாம்பார் ரிங்குக்குள் போயிற்று. இரண்டாம் பாதியில் நான் பந்தை எடுத்தாலே கூட்டம் மொத்தமும் "சாம்பார்!" என்று கத்த ஆரம்பித்தது. கடலூர் கோச் நடுவரிடம் போய், "இது என்ன சார் பாஷை?" என்று சண்டை பிடித்தார். "சாம்பார்னு சொல்லக் கூடாதுன்னு ரூல்ல இல்லையே சார்" என்றார் நடுவர்.

ஆனால் அவர்களும் சும்மா வருஷா வருஷம் கோப்பை தூக்கவில்லை. கடைசியில் இரண்டு பேரைக் கலையோடு ஒட்டிவிட்டார்கள். அவள் ஓடினால் அவர்களும் ஓடினார்கள். ஒவ்வொரு புள்ளியாக ஏறி எங்களை முந்தினார்கள். கடைசிப் பத்துப் பன்னிரண்டு செகண்ட், நாங்கள் ஒரு புள்ளி கம்மி, பந்து அவர்கள் கையில்.

எறிந்தார்கள். ரிங்கில் பட்டுத் திரும்பிற்று. எம்பி எடுத்தேன்.

கலை ஓடுகிறாள், இரண்டு பக்கமும் இரண்டு பேர். வேறு வழியில்லை. "சாம்பார்!" நாலு எட்டு தள்ளி எறிந்தேன். இரண்டு கையால் பிடித்தாள், எம்பினாள், இடிபட்டுக்கொண்டே போட்டாள். பந்து ரிங்கின் விளிம்பில் ஒரு சுற்று சுற்றியது.

எறிந்த பிறகு நான் நிற்க வேண்டும். அதுதான் மிஸ் உத்தரவு. ஆனால் என் கால் என்னைக் கேட்கவில்லை. ஓடிக்கொண்டிருந்தேன். தேர் ஓடுகிறது! கூட்டத்தில் யாரோ "ஐயோ, வழி விடுங்க!" என்று கத்தியது காதில் விழுந்தது. வேகமாக ஓடியவர்கள் எல்லாரும் ஓடிய வேகத்தில் ரிங்கைத் தாண்டிப் போய்விட்டார்கள். கலை தரையில் கிடந்தாள். பந்து வெளியே வந்து விழுந்தது. அந்த இடத்தில் ஒரு மனுஷி கிடையாது. எல்லாருக்கும் கடைசியாக நான் போய்ச் சேர்ந்தேன், பந்து என் கையில் வந்து உட்கார்ந்தது.

கை நீட்டினேன். மெதுவாக, பழைய ஆட்டத்தில் வைக்கிற மாதிரியே, உள்ளே வைத்தேன். பந்து வலைக்குள் இறங்கியதும் விசில்.

மிஸ் ஓடி வந்து என் இடுப்பைக் கட்டிக்கொண்டார், அவருக்கு எட்டியது அவ்வளவுதான். "ஓடாதேன்னு சொன்னேனா இல்லையா!" என்று அடித்துக்கொண்டே அழுதார். ஹெல்மெட்டோடு முஸ்யே நாற்காலி மேல் ஏறி நின்று இரண்டு கையையும் தூக்கிக் கத்தினார்.

"தேர் நிலைக்கு வந்துடுச்சு!"

மறுநாள் காலை

எட்டேகால். டப்பாவோடு பால்கனியில் நின்றேன். பஸ் முனையில் நகர்ந்தது. தெருவில் கலையைக் காணோம். என்னடா இது என்று எட்டிப் பார்க்கிறேன், மாடிப்படியில் செருப்புச் சத்தம். முழங்காலில் கட்டோடு நொண்டிக்கொண்டு ஏறி வருகிறாள். மூன்று வருஷத்தில் முதல் தடவை.

"பஸ் போயிடுச்சேடி!"

"போனா போகட்டும். தட்டு எடு."

பால்கனித் தரையில் உட்கார்ந்து டப்பாவைத் திறந்தோம். சாம்பார் சாதம். இரண்டு வாய் சாப்பிட்டதும் என்னால் அடக்க முடியவில்லை. மெழுகுவர்த்திக் கதையைச் சொல்லிவிட்டேன். நான் வேண்டிக்கொண்டதால்தான் அன்றைக்கு அவள் தோற்றாள், முழங்காலைச் சிராய்த்துக்கொண்டாள், அழுதாள், எல்லாம் என்னால்தான் என்று மூக்கை உறிஞ்சிக்கொண்டே சொன்னேன்.

கலை மெல்லுவதை நிறுத்தினாள். "எந்த கெபி?"

"பஸ் ஸ்டாப் பக்கத்துல."

"எந்தப் பக்கம் ஏத்தினே?"

"வலப்பக்கம். ஏன்?"

"நான் இடப்பக்கம் ஏத்தினேன்."

எனக்குப் புரியவில்லை. "நீ எதுக்குடி ஏத்தினே?"

"அதே வேண்டுதல்தான். வேக ஆட்டம் உருப்படக் கூடாதுன்னு." சாதத்தையே பார்த்துக்கொண்டு சொன்னாள். "அன்னிக்குத் தோத்ததும் ஏன் அப்படி அழுதேன்னு நினைச்சே? கும்பிட்டது நடந்துடுச்சேன்னு பயந்துட்டேன்டி."

"உனக்கென்னடி வந்துது? நீதான் டீம்லயே வேகம்."

"லூசு" என்றாள். "நீ எறியலைன்னா நான் எதுக்குடி ஓடணும்?"

சாம்பார் சாதத்தில் என் கண்ணீர் விழுந்தது. உப்பு கம்மியாகத்தான் இருந்தது, சரியாகிவிட்டது. அதற்குள் கீழே இருந்து குரல் வந்தது. எட்டிப் பார்த்தேன். நாற்காலி, பேப்பர், ஹெல்மெட்.

"என்ன மத்மசெல், இன்னிக்கு ஒண்ணும் விழலையா?"

கலை என் தோளைப் பிடித்துக்கொண்டு எழுந்து கைப்பிடிச் சுவரில் சாய்ந்தாள்.

"ஹெல்மெட்டைக் கழட்டுங்க முஸ்யே!" என்று கத்தினாள். "இன்னிக்கு மெதுவாத்தான் சாப்பிடப் போறோம்!"